எடுத்த ஊசியைத் தொட்ட கதை

நன்மை செய்ய வேண்டும் என்ற எண்ணம் ஒருவனுக்கு இருபத்து மூன்று வயதில், கையில் ஒரு பட்டத்தோடு சேர்ந்து வந்துவிட்டால், அவனைச் சுற்றியிருப்பவர்கள் சற்று எச்சரிக்கையாக இருப்பது நல்லது. தீமை செய்ய நினைப்பவன் ஆள் பார்த்துத்தான் செய்வான். நன்மை செய்யப் புறப்பட்டவனோ யாரையும் விட்டுவைக்க மாட்டான். இந்த உண்மையை நான் பிறரைக் கவனித்துத் தெரிந்துகொள்ளவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், ஒரு சனிக்கிழமை நண்பகலில், நாற்பது பேர் முன்னிலையில், மடியில் ஒரு கிதாரை வைத்துக்கொண்டு தெரிந்துகொண்டேன்.

கிதார் என் கைக்கு வந்த வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் பிற்பகுதியில் நான் கோயம்புத்தூரில் பொருளாதாரம் படித்தேன். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் லெஸ்லி. போத்தனூர் ரயில்வே காலனியைச் சேர்ந்த ஆங்கிலோ இந்தியப் பையன். பாடத்தில் நான் அவனுக்கு உதவினேன். பதிலுக்கு அவன் எனக்குக் கிதார் கற்றுக்கொடுத்தான். (இந்தப் பண்டமாற்றில் நட்டமடைந்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. அவன் பொருளாதாரத்தில் தோற்றான்.)

லெஸ்லியின் முறை எளிமையானது. சில சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும்படி விரல்களைத் தந்திகள்மேல் வைப்பதைக் கார்டு என்பார்கள். நான் அதைப் ‘பிடி’ என்றே சொல்கிறேன். கிதாரின் கழுத்து நெடுகிலும் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கும். ஒரே கார்டை அந்தக் கழுத்தில் ஐந்து இடங்களில், ஐந்து விதமான பிடிகளில் பிடிக்கலாம்.

“அஞ்சே பிடிதான், மேன்,” என்றான் லெஸ்லி. “ஒண்ணு முடியற எடத்துல அடுத்தது ஆரம்பிக்கும். ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கிட்டு நிக்கும். பிடிக்குள்ள இருக்கற சுரங்களை ஒவ்வொண்ணா எடு. பக்கத்துல இருக்கறதைத் தொட்டுட்டு வா. தந்தியைக் கொஞ்சம் வளை. அவ்வளவுதான் சோலோ, அதான் தனியா வாசிக்கறது. உடனே மனசுல தோணறதை வாசி.”

கடைசி வாக்கியத்தில்தான் எனக்குச் சிக்கல். மனத்தில் தோன்றுவதை உடனே செய்கிற பழக்கம் எனக்குக் குழந்தைப் பருவத்திலிருந்தே கிடையாது. எதையும் செய்வதற்கு முன் அதன் விளைவுகளை எடைபோடுவேன். இந்தச் சுரத்தை வாசித்தால் அடுத்தது எங்கே போக வேண்டும், அங்கே போனால் திரும்பி வர வழி உண்டா, இன்னொன்றை வாசித்திருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்று ஆராய்ந்து முடிவெடுப்பதற்குள் பாட்டு என்னைத் தாண்டிப் போய்விடும். லெஸ்லி வாசித்த புளூஸ் என்ற இசைக்குப் பன்னிரண்டு அடிகள் உண்டு. எட்டாவது அடிக்கு உரிய சுரத்தை நான் பதினோராவது அடியில் கண்டுபிடிப்பேன். அதுவும் மிகச் சரியான சுரமாகத்தான் இருக்கும்.

அந்த இசையின் உட்பொருளும் எனக்கு விளங்கவில்லை. மகிழ்ச்சிக்கு ஒரு சுரம், அதற்கு ஒரே ஒரு கட்டம் கீழே துயரத்துக்கு ஒரு சுரம். லெஸ்லி தந்தியை வளைத்து இரண்டுக்கும் நடுவில் போய் நின்றுகொள்வான்.

“அப்படியானால் இது மகிழ்ச்சியா, துயரமா?” என்று கேட்டேன்.

“ஆமா, மேன்,” என்றான்.

நோட்டில் எழுதிக்கொள்ள முடியாத பதில். ஆயினும் ஒரு நாள் அவன் போகிறபோக்கில் சொன்ன ஒரு செய்தி என்னைப் பிடித்துக்கொண்டது. இந்த இசையை முதலில் பாடியவர்கள் அமெரிக்காவில் பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்களாம். பருத்தி! அங்கே பருத்தி எடுத்தவர்களின் பாட்டு, இங்கே பருத்தி நூலில் பனியன் நெய்பவர்களுக்குப் போய்ச் சேரவில்லையென்றால் அது எவ்வளவு பெரிய சமூக அநீதி! அன்று முழுவதும் நான் சாப்பிடவில்லை. (விடுதியில் அன்று உப்புமா. அதுவும் ஒரு காரணம்.)

படிப்பு முடிந்ததும் லெஸ்லியின் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது. போகும்போது அவன் தன் பழைய கிதாரையும், ஐந்து பிடிகளையும் வரிசையாகப் படம் போட்ட ஒரு தாளையும் எனக்குக் கொடுத்தான். ஒவ்வொரு படத்திலும் ஆறு தந்திகளுக்கு ஆறு நெடுங்கோடுகள், கட்டங்களுக்குக் குறுக்குக்கோடுகள், விரல் வைக்கும் இடங்களில் புள்ளிகள். ஒலிக்கக் கூடாத தந்தியின் தலையில் ஒரு பெருக்கல் குறி. அந்தத் தாள் அழுக்காகிவிடக் கூடாதே என்று நான் அதை ஸ்கேல் வைத்துக் கறுப்பு மையில் மிக அழகாக நகலெடுத்துக்கொண்டேன். அவ்வளவு அழகாக எடுக்காமலிருந்திருந்தால் பிற்பாடு இத்தனை துன்பம் நேர்ந்திருக்காது.

அடுத்த மாதமே திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்தேன். தொழிலாளிகள் என்னைப் ‘பி.ஏ. தம்பி’ என்று மரியாதையாக அழைத்தார்கள். சேர்ந்த மூன்றாவது வாரத்தில் நான் முதல் சீர்திருத்தத்தைத் தொடங்கினேன்.

அதற்குக் காரணமானவர் ஃபிட்டர் நாச்சிமுத்து. நிட்டிங் மெஷின்களில் ஊசி மாற்றுவது, பழுது பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். பக்கத்து ஊரான மண்ணரையிலிருந்து சைக்கிளில் வருவார். முன்பு வேலை செய்த கம்பெனியில் யாரோ வாயால் சொன்ன உத்தரவுப்படி மெஷினை மாற்றியிருக்கிறார். துணி கெட்டதும், சொன்னவர் “நான் எப்பச் சொன்னேன்?” என்று கேட்டுவிட்டார். நாச்சிமுத்துவை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

“இன்னொருக்கா துணியைக் கெடுத்தேன்னு பேராச்சுன்னா இந்த ஊர்ல ஒரு கம்பெனியும் சேத்தாதுங்க தம்பி,” என்று அவர் ஒரு நாள் டீ குடித்தபடி சொன்னார். “ஃபிட்டருக்குப் பேருதானுங்க எல்லாம்.”

என் நெஞ்சு கொதித்தது. முதலாளியிடம் வாதாடி ஒரு விதிமுறையை ஏற்க வைத்தேன். மெஷின் கூடத்தில் அதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். ஒன்று: எழுத்தில் இல்லாத உத்தரவு உத்தரவே அல்ல. இரண்டு: மெஷின் கொக்கியில் மாட்டிய சீட்டில் உள்ளதை மட்டுமே செய்ய வேண்டும். மூன்று: சீட்டில் உள்ளதைக் கேள்வி கேட்காமல் செய்ய வேண்டும். நான்கு: முதல் மெஷினில் தொங்கும் சீட்டு அந்த வரிசை முழுவதற்கும் பொருந்தும்.

நாச்சிமுத்து எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். எனவே அவருக்காகப் படம் போடும் முறையையும் புகுத்தினேன். சின்னப் பிள்ளைகளின் பனியன்களில் அழகுக்காக நெடுக இடைவெளிக் கோடு விழும்படி நெய்வது உண்டு. மெஷினில் ஓர் ஊசியை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் அப்படிக் கோடு விழும். அதற்குச் சீட்டில் ஊசிக்கு ஒரு நெடுங்கோடு வரைந்து, எடுக்க வேண்டிய ஊசியின் தலையில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். அந்தக் குறியை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. என் சொந்தக் கண்டுபிடிப்பு என்றே நினைத்துப் பெருமைப்பட்டேன்.

“இது வெகு சுளுவா இருக்குதுங்க,” என்றார் நாச்சிமுத்து. “இனி நீங்க சீட்டுல என்ன போட்டாலும் நான் அச்சுப் பெசகாம பண்ணிப்போடுவனுங்க.”

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

இதற்கிடையில் ஆயுத பூஜையன்று தொழிலாளிகள் முன் புளூஸ் வாசிக்க வேண்டும் என்று நான் முடிவெடுத்திருந்தேன். வீட்டில் பயிற்சி செய்ய வழியில்லை. (“என்றா அது, பல்லு வலியாட்ட முனகுது?” என்று அம்மா கேட்டிருந்தார்.) ஆகவே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மெஷின் கூடத்தில் உட்கார்ந்து வாசிப்பேன். அந்த நேரத்திலும் இரண்டொரு மெஷின்கள் ஓடும். அந்த இரைச்சலில் என் தவறுகள் யாருக்கும் கேட்காது. தாளைக் கண்ணுக்கு நேராக வைத்துக்கொள்ள வேண்டுமே! அதற்கு ஏற்ற உயரத்தில் முதல் மெஷினின் கொக்கி இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை, மறுநாள் சாயந்தரம் லாரியில் போக வேண்டிய கல்கத்தா ஆர்டருக்கான சீட்டை நான் இன்னும் எழுதியிருக்கவில்லை. வெள்ளைச் சாதா பனியன் துணி, அவசர ஆர்டர். சாப்பாட்டுக்குப் பின் எழுதலாம் என்றிருந்தேன். மூன்றாவது பிடியிலிருந்து நான்காவது பிடிக்குத் தாவும்போது என் கிதாரின் மூன்றாவது தந்தி அறுந்து கன்னத்தில் அடித்தது.

பனியன் மடிக்கும் ராமாத்தாள் அக்கா எட்டிப் பார்த்தார். “ஏனுங் தம்பி, அதுக்கும் பொறுக்கலையாட்ட இருக்குதுங்களே!”

புதுத் தந்தி கோயம்புத்தூரில்தான் கிடைக்கும். அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, கிதாரைக் கூடத்தின் மூலையில் சார்த்திவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். தாள் கொக்கியிலேயே தொங்கியது.

கடை பூட்டியிருந்தது. ஒரு நண்பன் அறையில் தங்கி, மறுநாள் காலை தந்தியை வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை பதினொரு மணிவாக்கில் கம்பெனிக்குள் நுழைந்தேன். மெஷின்கள் ஓடவில்லை. கரண்ட் இல்லை என்றார் வாட்ச்மேன். மற்றபடி அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கூடத்தில் எல்லோரும் வட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில் பதினோரு ரோல் துணி. ஒரு ரோலைப் பிரித்துத் தரையில் விரித்திருந்தார்கள். அதில் ஒரு கோடு விழுந்திருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு கோடு. அப்புறம் நெடுந்தூரம் ஒன்றுமில்லை. திடீரென்று பக்கத்துப் பக்கத்தில் இரட்டைக் கோடு. உடனே மறுபடியும் முதலிலிருந்து. அழகுக்கு என்றும் சொல்ல முடியாது, பழுது என்றும் சொல்ல முடியாது. ஏதோ ஒரு தீர்மானத்தோடு, ஆனால் என்ன தீர்மானம் என்று யாருக்கும் சொல்லாமல், அந்தக் கோடுகள் துணி நெடுகிலும் போய்க்கொண்டிருந்தன.

துணிக்கு ஒரு பக்கம் முதலாளி. அவருக்குப் பக்கத்தில் கல்கத்தா வியாபாரியின் ஏஜெண்ட் சங்கரன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பல வருடங்களாகக் கல்கத்தாவாசி. மறுபக்கம் நாச்சிமுத்து, தன் ஊசி டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

“சாதாத் துணி கேட்டா ஏணிப்படி கட்டி வெச்சிருக்கறே!” என்றார் முதலாளி. அவர் கோபம் வந்தால் குரலை உயர்த்த மாட்டார், தாழ்த்திவிடுவார். “சாயந்தரம் லாரி வருது. இவருக்கு நான் என்ன பதில் சொல்றது? டப்பாவை வெச்சுப்போட்டுக் கெளம்பு, நாச்சிமுத்து.”

“சீட்டுல இருந்ததுங்க,” என்றார் நாச்சிமுத்து. “நான் ஒரு ஊசிகூட மாத்தி எடுக்கலீங்க. நாலு மெஷின்லயும் இதே மாதிரிதானுங்க எடுத்திருக்கேன். முப்பது முப்பதா எண்ணிட்டு வந்ததுல கடைசியில ஆறு ஊசி மிச்சமாச்சுங்க, அதுக்குத்தான் பி.ஏ. தம்பியைத் தேடினேன். காணலீங்க.”

அவர் நீட்டிய தாளைப் பார்த்தேன். அழகான கறுப்பு மை. ஸ்கேல் வைத்த கோடுகள். ஐந்து படங்களில் முப்பது நெடுங்கோடுகள். முதல் படத்தில் ஒரு பெருக்கல் குறி, இரண்டாவதில் ஒன்று, ஐந்தாவதில் சேர்ந்தாற்போல் இரண்டு. துணியைப் பார்த்தேன். மறுபடியும் தாளைப் பார்த்தேன். லெஸ்லியின் ஐந்து பிடிகளும் பதினோரு ரோல் நீளத்துக்கு என் காலடியில் கிடந்தன.

அந்த நொடியில் நேர்மையான மனிதன் என்ன செய்திருப்பான்? “தவறு என்னுடையது” என்று சொல்லியிருப்பான். நானும் சொன்னேன். ஆனால் உடனே சொல்லவில்லை. முதலில் விளைவுகளை எடைபோட்டேன். சொன்னால் என் வேலை போகலாம். அதைவிட, எழுத்துச் சீட்டு என்ற சீர்திருத்தமே போகலாம். அது போனால் எதிர்காலத்தில் எத்தனையோ நாச்சிமுத்துகள் பாதிக்கப்படலாம். ஆகவே பரந்த சமூக நோக்கில் பார்க்கும்போது... நான் பரந்த சமூக நோக்கில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணெதிரில் இருந்த ஒரே நாச்சிமுத்து ஊசி டப்பாவைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்து செருப்பை மாட்டத் தொடங்கியிருந்தார்.

“நில்லுங்க!” என்று கத்தினேன். “அது சீட்டே இல்லீங்க. என்னுடைய தாள். பாட்டு!”

நாச்சிமுத்து ஒரு காலில் மட்டும் செருப்போடு நிமிர்ந்தார்.

“எது பாட்டு?” என்றார் முதலாளி.

“இந்தப் படம்தானுங்க. கிதாரில் விரல் வைக்கிற இடம். நான்தான் கொக்கியில் மறந்து விட்டுட்டேன். நாச்சிமுத்து மேல் ஒரு தப்பும் இல்லை.”

முதலாளி என்னை நெடுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஒருவகைப் பரிதாபம் இருந்தது. “தம்பி, தொழிலாளி மேல பாசம் இருக்கோணும். வேண்டாங்கல. அதுக்காக ஊசிப் படத்தைப் பாட்டுன்னு சொல்றதுங்களா? பி.ஏ. படிச்சவங்க இதைவிட நல்ல பொய்யாச் சொல்லலாமுங்க.”

நான் உண்மையே பேசுகிறவன் என்ற பெயரை அதுவரை கட்டிக் காத்திருந்தேன். தொழிலாளிக்காக எதையும் செய்கிறவன் என்ற பெயரையும் கட்டிக் காத்திருந்தேன். இரண்டில் எது பெரிது என்று முதலாளி முடிவுசெய்துவிட்டார்.

“நிஜமாகவே பாட்டுங்க!”

“அப்படிங்களா? அங்க மூலையில சார்த்தி வெச்சிருக்கறீங்களே, அதை எடுங்க. இதைப் பாத்து வாசிங்க. பாட்டா வந்துச்சுன்னா அவன் இருக்கட்டும். வரலீன்னா அவனும் போகட்டும், உங்க சீட்டும் போகட்டும்.”

ஆக, ஒரு மனிதனின் பிழைப்பு என் சோலோவில் வந்து நின்றது. உலகத்தில் எத்தனையோ திறமைகள் இருக்க, விதி என்னிடம் அதைத்தான் கேட்டது.

புதுத் தந்தியைக் கட்டினேன். கிதார் வாசிப்பவர்களுக்குத் தெரியும்: புதுத் தந்தி ஒரு நாளாவது இழுபட்டு அடங்க வேண்டும், அதுவரை சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். நான் முறுக்க, அது இறங்க, மறுபடியும் முறுக்க, நாற்பது பேரும் பொறுமையாகப் பார்த்தார்கள்.

“இதானுங்களா பாட்டு?” என்று ராமாத்தாள் அக்கா பணிவாகக் கேட்டார்.

“இன்னும் ஆரம்பிக்கலீங்க.”

நூல் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தேன். நாச்சிமுத்து தாளை இரண்டு கையாலும் விரித்து என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். செருப்பு ஒரு காலில் மட்டும் இருந்தது. முதல் படத்தின்படி விரல்களை வைத்தேன். ஆறு தந்திகளையும் சேர்த்து ஒரே இழுப்பாக இழுத்தேன்.

வந்த ஒலியை நான் எழுத்தில் தர மாட்டேன். வெளியே மாட்டு வண்டி ஒன்று நின்றது என்று மட்டும் சொல்கிறேன்.

மறுபடியும் இழுத்தேன். மறுபடியும் அதே ஒலி. எங்கே தவறு என்று ஆராய ஆரம்பித்தேன். விரல் தவறா, கட்டம் தவறா, தந்தி தவறா, இல்லை, இதுதான் சரியான ஒலியா? துயரத்துக்கும் மகிழ்ச்சிக்கும் நடுவில் நிற்பது இதுதானோ? லெஸ்லி இருந்திருந்தால் ‘ஆமா, மேன்’ என்றிருப்பான். முதலாளி தலையை மெல்ல ஆட்டிக்கொண்டு ஏஜெண்ட் பக்கம் திரும்பினார்.

“தம்பி,” என்றது நாச்சிமுத்துவின் குரல். அவர் தாளிலிருந்து கண்ணை எடுத்துக் கிதாரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். “இதுல ஆறு கோடுங்க. அதுல ஆறு கம்பிங்க.”

“ஆமாங்க.”

“முத ஊசி எடுத்த ஊசிங்க.” அவர் பெருக்கல் குறியில் விரலை வைத்தார். “எடுத்த ஊசியை ஏனுங்க தொடறீங்க?”

நான் அந்தத் தடித்த தந்தியைப் பார்த்தேன். ஒலிக்கக் கூடாத தந்தி. பயத்தில் அதையும் சேர்த்தல்லவா இழுத்துக்கொண்டிருந்தேன்!

“அதைத் தொடாம வாசிங்க, பாக்கலாம்,” என்றார் முதலாளி, திரும்பாமலே.

அதைத் தொடாமல் வாசித்தேன். கூடத்தில் சுத்தமான, இனிமையான ஒலி ஒன்று எழுந்து நின்றது. முதலாளி திரும்பினார். மறுபடியும் எல்லாத் தந்தியையும் இழுக்கச் சொன்னார், அலறியது. எடுத்த ஊசியை விட்டு இழுக்கச் சொன்னார், இனித்தது. வியாபாரி நூலை இழுத்துப் பார்ப்பதைப்போல மூன்று முறை சோதித்தார்.

“அப்ப இந்தப் புள்ளியெல்லாம் வெரலுங்களா!” என்று நாச்சிமுத்து கூவினார். தன் வேலை ஊசலாடிக்கொண்டிருப்பதை அவர் சுத்தமாக மறந்துவிட்டார். “நேத்துப் பூரா மண்டையை ஒடச்சனுங்க! ஊசி சரி, புள்ளி எதுக்குன்னு வெளங்கலையே, அழகுக்குப் போட்டிருப்பாங்களாட்டன்னு உட்டுட்டேன். வெரலு! அட, வெரலு!”

ஏஜெண்ட் சங்கரன் அப்போதுதான் வாயைத் திறந்தார். “அய்யா, இது பாட்டுதான். கல்கத்தாவுல பெரிய ஓட்டல்ல ராப்பொழுதெல்லாம் வாசிப்பான். நான் கேட்டிருக்கேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, நியாயம் தவறாதவராகச் சேர்த்துக்கொண்டார்: “ஆனா அங்க வாசிக்கிறவன் இம்புட்டு யோசிக்க மாட்டான்.”

“மிச்சப் படத்தையும் வாசிக்கட்டும்,” என்றார் முதலாளி. “முழுசாத் தெரிஞ்சுக்கலாம்.”

நாச்சிமுத்து தாளை ஒரு கையால் பிடித்து, தரையில் வைத்த ஊசி டப்பாவை என் பக்கத்தில் பெட்டிமேல் எடுத்து வைத்து, மறுகையால் தட்டத் தொடங்கினார். மெஷின் ஓடும் வேகம் அவர் விரலில் இருந்தது. “ரெண்டாம் படங்க! அதுலயும் முத ஊசி எடுத்தது. மேல போங்க, மேல. மூணாம் படம், எல்லா ஊசியும் இருக்குதுங்க, பயப்படாதீங்க. நாலு! அஞ்சாம் படம் ரெண்டு ஊசி எடுத்ததுங்க, பாத்து, பாத்து! மறுக்கா முதல்லருந்து!”

விளைவுகளை எடைபோட நேரமே இல்லை. அவர் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் கை போனது. பன்னிரண்டு அடி.

பன்னிரண்டாவது அடி முடியும்போது கரண்ட் வந்தது.

யாரும் ஸ்விட்சை அணைத்து வைக்கவில்லை. நான்கு மெஷின்களும் ஒரே சமயத்தில் சுற்றத் தொடங்கின. என் கிதார் அந்த இரைச்சலில் அப்படியே மூழ்கியது. நாச்சிமுத்து “அய்யோ, எடுத்த ஊசி எடுத்தபடி கெடக்குது!” என்று தாளை வீசிவிட்டு, ஒற்றைச் செருப்போடு முதல் மெஷினுக்கு ஓடினார், பிறகு இரண்டாவதற்கு, மூன்றுக்கு, நான்குக்கு. ஒவ்வொன்றையும் நிறுத்தினார். நான்காவது மெஷினில் கூடுதலாக ஒரு முழத் துணிகூடக் கெட்டிருக்காது.

கூடம் மறுபடியும் அமைதியானது. முதலாளி அந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போகச் சொன்ன கம்பெனியோட துணிக்கு ஓடறான் பாருங்க,” என்றார் ஏஜெண்டிடம். பிறகு, “நாச்சிமுத்து, அந்த இன்னொரு செருப்பையும் கழட்டிப்போட்டு ஊசியைப் போடு. சாதாத் துணி.”

ஏஜெண்ட் லாரியை அடுத்த வாரத்துக்கு மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார். எனக்குரிய தீர்ப்பை முதலாளி தமது தாழ்ந்த குரலில் வழங்கினார். சீட்டு முறை நல்ல முறை, அது இருக்கட்டும். ஆனால் இனி நான் எழுதும் ஒவ்வொரு சீட்டின் அடியிலும் ‘இது பாட்டல்ல’ என்று எழுத வேண்டும். நாச்சிமுத்து அதைப் பார்த்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் கொக்கியில் மாட்ட வேண்டும். “அப்பறம், இந்தப் பதினோரு ரோலையும் உங்க ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிருங்க தம்பி. இங்க கெடந்தா எனக்கு அந்தச் சத்தம் காதுல கேக்கும்.”

ஆயுத பூஜையன்று நான் வாசிக்கவில்லை. பருத்திக் காட்டுப் பாட்டைப் பருத்தித் தொழிலாளிகளிடம் சேர்க்கும் கடமை வேறொரு வழியில் நிறைவேறிவிட்டது என்று என்னையே தேற்றிக்கொண்டேன். பிறகு ஒருமுறைகூட அந்தப் பன்னிரண்டு அடிகள் என் கையில் சேர்ந்து வந்ததில்லை. கூப்பிட ஆளில்லாமல் என் விரல்கள் மறுபடியும் யோசிக்கத் தொடங்கிவிட்டன. அந்த இசை மகிழ்ச்சியா துயரமா என்பதும் எனக்கு இன்னும் தெரியாது. லெஸ்லிக்குக் கடிதம் எழுதி எல்லாவற்றையும் விவரித்தேன். “அதுதான் புளூஸ், மேன்” என்று ஒரே வரியில் அட்டை வந்தது. குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

துணி மட்டும் தீரவே இல்லை. வீட்டில் எல்லோருக்கும் பனியன் தைத்தோம். தலையணை உறை தைத்தோம். காப்பி வடிகட்டினோம். திருமணமாகி வந்த புதிதில் என் மனைவி சரோஜா கொடியில் காய்ந்த ஏழு பனியன்களையும் பார்த்து, “ஏனுங்க, உங்க ஊட்டுல எல்லாருக்கும் ஒரே எடத்துல கிழியுமுங்களா?” என்று கேட்டாள். கதையைச் சொன்னேன். அன்றிலிருந்து மளிகைச் சீட்டு எழுதினாலும் அடியில் ‘இது பாட்டல்ல’ என்று எழுதித்தான் கொடுக்கிறாள். மளிகைக்காரர் அதை ஏதோ ஒரு வேண்டுதல் என்று நினைத்து முப்பது வருடமாக மரியாதையோடு படித்துவிட்டுச் சாமான் கட்டுகிறார்.

கல்யாண வீடுகளில் நான் சமுதாயச் சீர்திருத்தம் பற்றிப் பேச வாயெடுத்தாலோ, உறவினர்களின் பழைய சண்டையில் நியாயம் சொல்லப் புறப்பட்டாலோ, கூட்டத்தின் எந்த மூலையிலிருந்தாவது ஒரு குரல் வரும்: “எடுத்த ஊசியை ஏனுங்க தொடறீங்க?” என் மகள்கள் சொல்வார்கள், மருமகன்கள்கூட இப்போது துணிந்து சொல்கிறார்கள்.

நாச்சிமுத்து இப்போது சொந்தமாக எட்டு மெஷின் வைத்திருக்கிறார். நாங்கள் இருவரும் நரைத்துவிட்டோம், விதி நரைக்கவில்லை. நான் எதை எழுதினாலும் அவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இந்தக் கட்டுரையையும் கொடுத்தனுப்பினேன். நான்கு நாள் வைத்திருந்து, எழுத்துக் கூட்டிப் படித்து, அடியில் ‘நா’ என்று கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார். ஒரே ஒரு பத்தியின் தலையில் மட்டும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி இருந்தது. அந்தப் பன்னிரண்டு அடிகளையும் நான் எத்தனை அற்புதமாக வாசித்தேன் என்று விரிவாக விளக்கியிருந்த பத்தி.

எடுத்துவிட்டேன்.